மூன்று தொலைகாட்டிகளும் ஒரு வாலும்

(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஒலிவாங்கிக்கு முன்னால் நிற்பது ஒருவர்தான். ஆனாலும் இந்த உரை முழுவதும் "நாங்கள்" என்றுதான் வரும். ஒரே வகுப்பில், ஒரே வாங்கில் இருந்த மூன்று பேர் சேர்ந்து செய்த வேலையைப் பற்றியது இது. எங்களில் ஒருவர் வன்னியில் கணித ஆசிரியை. ஒருவர் அவுஸ்திரேலியாவில், விக்ரோறியா மாநிலத்தின் நாட்டுப்புற ஊரொன்றில் கணக்காளர். மற்றவர் இங்கிலாந்தில் வைத்தியர். ஸ்கான் படங்களைப் பார்த்து அறிக்கை எழுதுவது அவருடைய தொழில். இன்று உங்கள் முன் நிற்கும் வாய் அவருடையது. சங்கத்தினர் முதலில் கேட்டது நீரிழிவைப் பற்றிய ஒரு பேச்சு. நீரிழிவைப் பற்றி இந்த மண்டபத்தில் எல்லோருக்கும் தெரியும், உங்கள் கையிலுள்ள சிற்றுண்டிப் பெட்டியில் என்ன இருக்கிறது என்பதும் தெரியும். ஆகவே வேறொரு விடயம் பேச அனுமதி கேட்டோம்.

மேடைக்குப் பின்னால் தொங்குகிற படத்தைப் பாருங்கள். சிங்க ராசியில், பூர நட்சத்திரத்துக்கு அருகில், மூன்று கலக்சிகள் ஒன்றாகத் தெரிகின்றன. ஒவ்வொன்றும் கோடானுகோடி நட்சத்திரங்கள் சேர்ந்த ஒரு பெருங்கூட்டம். நமது பால்வீதியும் அப்படியொன்றுதான். வலப்பக்கத்து இரண்டையும் 1780இல் பிரெஞ்சு வானியலாளர் சார்ள்ஸ் மெசியே தன் பட்டியலில் 65, 66 என்று எழுதிவைத்தார். மூன்றாவது, பக்கவாட்டில் தெரிகிற நீளமானது, நடுவில் கறுப்புத் தூசிப்பட்டை ஓடுவது, அவருடைய கண்ணுக்கு அகப்படவில்லை. அதை 1784இல் வில்லியம் ஹேர்ஷல் கண்டார். இன்று அதற்கு என்.ஜீ.சீ. 3628 என்று பெயர். இந்த மூன்றும் ஏறத்தாழ 35 மில்லியன் ஒளியாண்டு தூரத்தில் இருக்கின்றன.

அந்த மூன்றாவதின் இடப்பக்கத்திலிருந்து புகைபோல ஒன்று நீண்டு போகிறது. பின்வரிசையில் இருப்பவர்களுக்குத் தெரியாவிட்டால் தேநீர் இடைவேளையில் கிட்ட வந்து பாருங்கள். அது அந்தக் கலக்சியின் வால். பக்கத்துக் கலக்சி ஒன்று எப்போதோ மிக அருகில் கடந்துபோனபோது, அதன் ஈர்ப்பினால் இழுபட்டுச் சிதறிய நட்சத்திரங்கள் அவை. நீளம் ஏறத்தாழ 3 இலட்சம் ஒளியாண்டு. வானத்தில் அளந்தால் முழுநிலாவின் அகலம் வரும். 1970களில் வானொலித் தொலைகாட்டிகள் அதே இடத்தில் ஐதரசன் வாயுவின் நீண்ட வாலொன்றையும் கண்டன. இன்றைய பேச்சு அந்த வாலைப் பற்றியது. எங்கள் முதற்படத்தில் அது இருக்கவில்லை.

கதையைக் கொஞ்சம் பின்னாலிருந்து சொல்லவேண்டும். 1990இலிருந்து குடாநாட்டில் மின்சாரம் இல்லாத காலத்தில் நாங்கள் இந்தப் பாடசாலையில் படித்தோம். ஜாம் போத்தல் விளக்கில் படித்ததைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். விளக்கை அணைத்துவிட்டு வெளியே வந்தால் எப்படிப்பட்ட வானம் இருந்தது என்பதை அவ்வளவாக யாரும் எழுதவில்லை. முற்றத்துப் பாயில் படுத்தபடியே பால்வீதியைப் பார்க்கலாம். 1995 ஒக்டோபர் 24ஆம் திகதி காலையில் சூரிய கிரகணம் வந்தது. வாளித் தண்ணீரில் சாணியைக் கரைத்து அதில் சூரியன் கடிபட்டுப்போவதைப் பார்த்தோம். ஆறு நாள் கழித்து, 30ஆம் திகதி இரவு, ஊரோடு சேர்ந்து நடந்தோம். அந்த இரவைப் பற்றி இதற்கு மேல் இங்கே சொல்லப்போவதில்லை. அதற்குப் பிறகு மூன்று பேரும் மூன்று திக்கில் போனோம் என்பது மட்டும் போதும்.

இருபது வருடங்களுக்கு மேல் கழித்துத்தான் மூவரும் வானத்தைப் படமெடுக்கத் தொடங்கியிருக்கிறோம் என்று ஒருவருக்கொருவர் தெரியவந்தது. அதுவும் ஒரு கலியாண வீட்டில். ஒருவரோடொருவர் பேசி வாங்கிய சாமான்கள் அல்ல என்பதால் மூன்றும் மூன்று வகை. இங்கிலாந்தில் இருப்பது 200 மில்லிமீற்றர் ஆடித் தொலைகாட்டி; குவியத்தூரத்தைக் குறைக்கும் வில்லை போட்ட பிறகும் 1280 மில்லிமீற்றர். விக்ரோறியாவில் இருப்பது 250 மில்லிமீற்றர் நியூற்றன் வகை, குவியத்தூரம் 1000. வன்னியில் இருப்பது 80 மில்லிமீற்றர் வில்லைத் தொலைகாட்டி, குவியத்தூரம் 480. அது வேறொருவர் பாவித்தது. உடுப்புகளுக்கு நடுவில் வைத்துப் பயணப்பெட்டியில் வந்தது. விலையில் மூன்றுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. அதைச் சொல்லத்தான் வேண்டும், பின்னால் வருகிற தவறுக்கு அதுவும் ஒரு காரணம்.

கலக்சியைப் படமெடுப்பது என்றால் கமராவை ஒருமுறை அழுத்துவது அல்ல. இரண்டு மூன்று நிமிடம் திறந்துவைத்து ஒரு படம், பிறகு இன்னொன்று, இப்படி நூற்றுக்கணக்கில் எடுக்கவேண்டும். பூமி சுற்றுவதை ஈடுசெய்ய ஒரு மோட்டார் தாங்கி தொலைகாட்டியைத் திருப்பிக்கொண்டே இருக்கும். ஒரு தனிப்படத்தில் தெரிவதில் பெரும்பங்கு இரைச்சல், வானொலிப் பெட்டியில் கேட்கிற கரகரப்பைப் போல. படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி எடுத்தால், உண்மையான ஒளி எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் இருப்பதால் அது நிற்கும். இரைச்சல் ஒவ்வொன்றிலும் வேறு மாதிரி இருப்பதால் ஒன்றையொன்று தின்றுவிடும். 16 படம் அடுக்கினால் தெளிவு 4 மடங்கு, 100 அடுக்கினால் 10 மடங்கு. வர்க்கமூலக் கணக்கு. இரண்டு மடங்கு தெளிவு வேண்டுமானால் நான்கு மடங்கு இரவு வேண்டும். வேலைக்குப் போகிறவர்களுக்கும் பிள்ளை வளர்க்கிறவர்களுக்கும் அவ்வளவு இரவு எங்கே கிடைக்கும்? அப்படித்தான் மூன்று பேருடைய இரவுகளையும் ஒன்றாகக் கூட்டலாம் என்ற யோசனை வந்தது.

சிங்க ராசியைத் தெரிந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. வன்னியில் அது ஏறக்குறைய உச்சிக்கு மேலால் போகும். விக்ரோறியாவில் வடக்கு வானில் 40 பாகை உயரத்துக்குக் கிட்ட வரும். இங்கிலாந்தின் தென்பகுதியில் தெற்கு வானில் 50 பாகை. மூன்று இடத்துக்கும் இது பொருந்திவந்தது. பங்குனி, சித்திரை மாதங்களில் அது முதலில் விக்ரோறியாவில் உச்சத்துக்கு வரும். நான்கு மணித்தியாலத்துக்குச் சற்று மேல் கழித்து வன்னிக்கு. அதிலிருந்து இன்னொரு ஐந்தரை மணித்தியாலத்தில் இங்கிலாந்துக்கு. "அனுப்பிவிட்டன், பிடியுங்கோ" என்று வட்ஸ்அப்பில் செய்தி வரும். இங்கிலாந்திலிருந்து பெரும்பாலும் போன பதில், முகில்.

வன்னியில் நடந்தவை தனிக்கதை. தொலைகாட்டித் தாங்கியைத் துருவ நட்சத்திரத்தை நோக்கி நிறுத்தவேண்டும். அங்கே துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து 9 பாகைதான் உயரம். பனைகளுக்குப் பின்னால் மறைந்து நிற்கும். ஐரோப்பாவை மனதில் வைத்துச் செய்த தாங்கியோ அவ்வளவு தாழ்வாகச் சரிய மறுத்தது. எதிர்ப்பாரம் முக்காலியின் காலில் இடித்தது. ஒரு காலின் கீழ் இரண்டு கல்லை வைத்து அதைச் சமாளித்தார் எங்கள் கணித ஆசிரியை. மின்சாரத்துக்குக் கார் பற்றறி. விடியப்புறம் வில்லையில் பனி படியும். ஊரில் காணி அளக்கிறார்கள் என்று கதை பரவி, கிராம சேவையாளர் ஒருநாள் வந்து கேட்டார். அவருக்கு வியாழனின் நான்கு சந்திரன்களைக் காட்டியதும், மறுநாள் வீட்டாரையும் கூட்டிக்கொண்டு வந்தார். இப்படிப் பாடசாலை விட்டு வந்து, சமைத்து, கொப்பி திருத்தி, அதற்குப் பிறகு 11 இரவுகளில் அவர் சேர்த்த ஒளி 31 மணித்தியாலம். விக்ரோறியாவில் சேர்ந்தது 14. இங்கிலாந்தில், ஒரு நிமிடப் படங்களாக, 19.

எல்லாம் இங்கிலாந்துக்கு வந்தது, படம் பார்ப்பது வைத்தியருடைய தொழில் என்ற நியாயத்தில். உண்மையில் இரண்டு வேலைக்கும் உறவு உண்டு. புற்றுநோயாளி ஒருவருக்கு சீ.ரி. ஸ்கான் உறுப்புகள் எங்கே எப்படி இருக்கின்றன என்று கூர்மையாகக் காட்டும். பெற் ஸ்கான் எந்த இடம் அதிகமாக வேலை செய்கிறது என்று காட்டும், ஆனால் மங்கலாக. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று பொருத்திப் பார்க்கும்போதுதான் வைத்தியத்துக்கு உதவும். பொருத்தம் அரை சென்ரிமீற்றர் பிசகினால் நோய் வேறு இடத்தில் இருப்பதாக எழுதிவிடுவோம்.

தொலைகாட்டிப் படங்களிலும் முதல் வேலை பொருத்துவதுதான். வன்னிப் படத்தில் ஒரு படப்புள்ளி வானத்தில் 1.6 வில்செக்கனை அடக்கும். இங்கிலாந்துப் படத்தில் 0.6. கமராவைப் பூட்டிய கோணம் ஒவ்வொன்றிலும் வேறு. மூலைகளில் வில்லைகள் செய்கிற வளைவும் வேறு. மென்பொருள் நட்சத்திரங்களை முக்கோணம் முக்கோணமாக அடையாளங்கண்டு, ஒரு படத்தை மற்றதன்மேல் திருப்பி, நீட்டி, வளைத்துப் படியவைக்கிறது. சிரில் என்ற மென்பொருள் இலவசம். பிக்ஸ்இன்சைட்டுக்குக் காசு கொடுக்கவேண்டும். மூன்று கமராவும் மூன்று விதமாக நிறம் காட்டும். அதைச் சரிப்படுத்த, கையா விண்கலம் அளந்துவைத்திருக்கிற நட்சத்திர நிறங்களோடு ஒப்பிடுவோம். இதெல்லாம் பொறுமை இருந்தால் வந்துவிடும்.

வராதது இதற்கடுத்த படி. எந்தப் படத்துக்கு எவ்வளவு மதிப்புக் கொடுப்பது?

மென்பொருள் அதைக் கேட்கும். நட்சத்திரங்கள் எவ்வளவு கூர்மையோ அந்த அளவுக்கு மதிப்புக் கொடு என்று சொன்னோம். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. 80 மில்லிமீற்றர் குழாயில் நட்சத்திரம் கொழுத்துத்தான் தெரியும். ஆகவே வன்னியின் 31 மணித்தியாலத்துக்கும் மென்பொருள் கொடுத்த மதிப்பு ஏறக்குறையப் பூச்சியம். ஓர் இரவு, உள்ளதைச் சொன்னால், அதையும் எடுத்துவிட்டோம். கணினியில் இடமில்லை என்று எங்களுக்கே ஒரு சாட்டுச் சொன்னோம். வன்னித் தொகுதியைத் தனியே ஒருமுறை திறந்துகூடப் பார்க்கவில்லை.

படம் அழகாகவே வந்தது. தூசிப்பட்டையின் ஒவ்வொரு நாரும் தெரிந்தது. குழுவில் போட்டோம். விக்ரோறியாவிலிருந்து கைதட்டல் வந்தது. வன்னியிலிருந்து இரண்டு நாள் ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் ஒரே ஒரு வரி வந்தது.

"வாலை எங்கையடி வெட்டிப்போட்டியள்?"

அதோடு ஒரு படமும் வந்தது. அவருடைய பழைய மடிக்கணினியில் அவரே அடுக்கியது. கலக்சிகள் மூன்றும் மொத்தையாக, கூர்மையில்லாமல் இருந்தன. ஆனால் மூன்றாவதிலிருந்து இடப்பக்கம் நீளமாக வால் போனது. சந்தேகத்துக்கு இடமேயில்லை.

ஏன் அவருக்குத் தெரிந்தது எங்களுக்குத் தெரியவில்லை? இதைக் கொஞ்சம் விளக்கவேண்டும், இதில்தான் விடயமே இருக்கிறது. அந்த வாலின் ஒளி, நல்ல இருட்டு வானத்தின் சொந்த வெளிச்சத்தில்கூட நூற்றில் ஒரு பங்குக்குக் குறைவு. இங்கிலாந்தின் வீட்டுக் கொல்லையில், தெருவிளக்குகளால் வானம் வன்னியைவிடப் பதினைந்து மடங்குக்கு மேல் வெளிச்சம் என்று அளந்திருக்கிறோம். அந்த வெளிச்சம் படத்தின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குச் சரிவாகப் படரும். அதைக் கழிக்க, "வெறும் வானம் இதுதான்" என்று படத்தில் சில இடங்களைக் காட்டி, அங்கிருந்து சரிவைக் கணித்து, முழுப்படத்திலிருந்தும் கழிப்பார்கள். பெரிய தொலைகாட்டியின் பார்வைப் பரப்பு ஒரு பாகைதான். மூன்று கலக்சிகளும் வாலும் சேர்ந்து அதை நிரப்பிவிடுகின்றன, வெறும் வானம் மிஞ்சவில்லை. நாங்கள் "வெறும் வானம்" என்று குறித்த புள்ளிகளில் நான்கு வாலின்மேலேயே இருந்தன. வாலைத் தெருவிளக்கு என்று நினைத்துக் கழித்துவிட்டோம். சிறிய குழாய்க்கோ கிட்டத்தட்ட மூன்று பாகை அகலம். வாலைச் சுற்றி உண்மையான வெறும் வானம் நிறைய இருந்தது. எது வால், எது வெளிச்சம் என்று சொல்லக்கூடிய ஒரே சாட்சியைத்தான் நாங்கள் வெளியே நிறுத்தியிருந்தோம்.

வைத்தியசாலையில் ஒரு வழக்கம் இருக்கிறது. புதிய ஸ்கானுக்கு அறிக்கை எழுதுமுன் பழைய ஸ்கானை எடுத்துப் பார்க்கவேண்டும், அது எவ்வளவு பழைய இயந்திரத்தில் எடுத்ததாக இருந்தாலும். பயிற்சிக்கு வருகிற இளம் வைத்தியர்களுக்கு இதை வாரத்தில் இரண்டு முறையாவது சொல்கிறவர்கள் நாங்கள்.

அந்த இரவு தொலைபேசியில் மன்னிப்புக் கேட்டோம். அவர் பெரிதாக எடுக்கவில்லை. "எனக்கு மனவருத்தமில்லை, ஆனா திறந்தாவது பாத்திருக்கலாம்" என்றார். இப்போதும் அதை நினைத்தால் முகம் சுடுகிறது.

இப்படியொரு சேர்ப்பு வேலையை எங்களுக்கு முன்னால் பெரிய அளவில் செய்தவர்கள் உண்டு. அமெரிக்காவில் றொபேட் ஜென்ட்லர் என்றொருவர். அவரும் வைத்தியர்தான், அதனால் எங்களுக்குத் தனிப் பாசம். ஹபிள் விண்வெளித் தொலைகாட்டியின் சேமிப்பகத்திலிருந்து மெசியே 106 என்ற கலக்சியின் படங்களை எடுத்து ஒட்டினார். ஹபிள் அந்தக் கலக்சியை முழுமையாக எடுத்திருக்கவில்லை, இடையிடையே ஓட்டைகள். அவற்றைத் தன்னுடைய படங்களாலும் ஜே கபானி என்ற இன்னொரு பொழுதுபோக்குப் படப்பிடிப்பாளரின் படங்களாலும் நிரப்பினார். அவர்கள் பாவித்தவை நியூ மெக்சிக்கோவின் இருண்ட இடங்களில் நின்ற 12.5 அங்குல, 20 அங்குலத் தொலைகாட்டிகள். 2013 பெப்ரவரியில் ஹபிள் நிறுவனத்தாரே அந்தப் படத்தை வெளியிட்டார்கள். கலக்சியின் இரண்டு வழக்கமான சுருள் கைகளோடு, நட்சத்திரங்களால் அல்லாமல் சூடான ஐதரசன் வாயுவால் ஆன இரண்டு சிவந்த கைகளும் அதில் தெளிவாகத் தெரிகின்றன.

அதைவிட எங்களுக்கு உறைத்தது அன்ட்ரோமீடா கலக்சிக் கதை. எவ்வளவோ காலமாக எல்லோரும் படமெடுத்துவருகிற கலக்சி அது. 2022இல் பிரான்சைச் சேர்ந்த யான் சான்தி, 106 மில்லிமீற்றர் வில்லைத் தொலைகாட்டியால், ஒட்சிசனின் நீலப்பச்சை ஒளியை மட்டும் விடுகிற வடிகட்டி போட்டுப் பல இரவுகள் அதை எடுத்தார். மார்செல் ட்ரெக்ஸ்லர், சேவியே ஸ்ட்ரோட்னர் ஆகியோரோடு சேர்ந்து பார்த்தபோது, கலக்சிக்குப் பக்கத்தில் 1.5 பாகை நீளமான, அதாவது மூன்று முழுநிலா வரிசையாக நின்றாற்போன்ற, ஒரு வாயு வில் தெரிந்தது. அதுவரை எவரும் கண்டிராதது. பெரிய தொலைகாட்டிகளின் பார்வை மிகக் குறுகியது. அகலமான மங்கலை அவை தாண்டிப் போய்விடும். கண்டவர்கள் உடனே கொண்டாடவில்லை. முதலில் செய்த வேலை, வேறு இடங்களில் வேறு தொலைகாட்டிகளால் வேறு ஆட்கள் எடுத்த படங்களிலும் அது இருக்கிறதா என்று பார்த்தது. இருந்தது. 2023 ஜனவரியில் தொழில்முறை வானியலாளர்களோடு சேர்ந்து கட்டுரை வெளியானது. கிறீன்விச் வானாய்வகத்தின் அந்த வருடத்துப் போட்டியில் அந்தப் படத்துக்கே முதலிடம். அந்த வில் அன்ட்ரோமீடாவுக்கு உரியதா, நமது பால்வீதியில் கிட்ட இருப்பதா என்று விவாதம் நடக்கிறது. எதுவானாலும் வில் அங்கே இருக்கிறது. அதை எவரும் மறுக்கவில்லை.

ஆகவே நாங்கள் திரும்பவும் முதலிலிருந்து தொடங்கினோம். இந்த முறை மூன்று தொகுதிகளையும் தனித்தனியே அடுக்கி, தனித்தனியே பார்த்தோம். வானத்தின் வெளிச்சச் சரிவுக்கு வன்னிப் படமே கோல். மற்ற இரண்டும் அதற்கு ஏற்றபடி தங்கள் சரிவைத் திருத்திக்கொள்ளவேண்டும். அகன்ற, மங்கலான அமைப்புகளை வன்னிப் படத்திலிருந்து எடுத்தோம். நுணுக்கத்தை மற்ற இரண்டிலிருந்தும். நியூற்றன் வகையில் நட்சத்திரங்களுக்கு நான்கு கதிர்க்கால் முளைக்கும், மற்றவற்றில் முளைக்காது. கலந்தால் பாதி நட்சத்திரத்துக்குக் கால் இருக்கும், பாதிக்கு இராது, பார்க்கச் சகிக்காது. எனவே நட்சத்திரங்களை மட்டும் ஒரு தொகுதியிலிருந்து எடுத்தோம். செயற்கை நுண்ணறிவால் கூர்மையாக்குகிற மென்பொருள்களை விக்ரோறியாத் தோழி பரிந்துரைத்தார். தூசிப்பட்டையில் போட்டுப் பார்த்தோம். மிக அழகான நார்கள் வந்தன. மூன்று தொகுதிகளில் ஒன்றிலும் இல்லாத நார்கள். எடுத்துவிட்டோம். இதில் எங்களுக்குள் இன்னும் முழு உடன்பாடு இல்லை. அலங்காரம்தானே, யாருக்கு என்ன நட்டம் என்பது அவருடைய கட்சி.

இந்தப் புதிய படத்தில் வால் வந்தது. வாலோடு இன்னொன்றும் வந்தது. மெசியே 65க்கு வலப்பக்கம், மெல்லிய ஒரு வளைவு. இரவு இரண்டு மணிக்கு அதைக் கண்டபோது நெஞ்சு அடித்ததைச் சொல்ல வெட்கமாயிருக்கிறது. அன்ட்ரோமீடாக் கதை படித்திருந்தோம் அல்லவா? அதற்கு என்ன பெயர் வைப்பது என்றுகூட ஒருவர் யோசித்தார். யார் என்று சொல்லமாட்டோம். பிறகு மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். வன்னியில் இல்லை. இங்கிலாந்தில் இல்லை. விக்ரோறியாவில் மட்டும், அதிலும் சில இரவுகளில் மட்டும் இருந்தது. அந்த இரவுகளில் கமராவைச் சற்று வேறு கோணத்தில் பூட்டியிருந்தார். படத்துக்கு வெளியே நின்ற பிரகாசமான நட்சத்திரமொன்றின் ஒளி, குழாயின் உட்சுவரில் பட்டுத் தெறித்திருக்கிறது. குழாயின் உட்புறத்துக்குக் கறுப்பு வெல்வெற் துணி ஒட்டினார். வளைவு போய்விட்டது. அந்த இரவுகளின் படங்களை வெட்டினோம். இந்த முறை வெட்டுவதற்குக் காரணம் கையில் இருந்தது.

இங்கே எங்கள் பௌதிகவியல் ரீச்சரைச் சொல்லவேண்டும். முன்வரிசையில் இருக்கிறார், எழுந்து நிற்கச் சொல்லமாட்டோம். உயர்தர வகுப்பில் எளிய ஊசல் பரிசோதனை. ஆய்வுகூடத்தில் இருந்ததே இரண்டு நிறுத்தற் கடிகாரம், அதில் ஒன்று இடையில் நிற்கும். மூன்றாவது குழுவுக்குக் கைக்கடிகாரம்தான். அந்தக் குழுவின் வாசிப்பு எங்கள் வரைபில் கோட்டுக்கு வெளியே விழுந்தது. அழிறப்பரால் அழித்துவிட்டு, அழகான நேர்கோடு ஒன்று கீறிக் கொண்டுபோய்க் கொடுத்தோம். ரீச்சர் தாளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். அழித்த அடையாளம் தெரிந்தது. "காரணம் எழுதாமல் ஒரு வாசிப்பையும் வெட்டக்கூடாது, பிள்ளையள்" என்றார். திரும்பச் செய்வித்தார். அந்தக் குழு ஊசலின் நூலை வேறு இடத்திலிருந்து அளந்திருந்தது என்று அப்போது கண்டுபிடித்தோம். அவர்களுடைய நேர அளவீடு சரியாகவே இருந்தது. அந்தக் கைக்கடிகாரக் குழுவில் இருந்தவர்தான் இன்று வன்னியில் இருப்பவர். இதை அவர் இத்தனை நாளில் ஒருமுறையாவது எங்களுக்கு நினைவூட்டியதில்லை. பேச்சை எழுதும்போது எங்களுக்கே நினைவுக்கு வந்தது.

படத்தின் கீழே மூன்று பெயரும் இருக்கும், மணித்தியாலங்களும் இருக்கும். 31, 14 என்ற இரண்டும் முதலில் எழுதியவை. மூன்றாவதான 19, இங்கிலாந்தின் மோசமான இரவுகளைக் கழித்த பிறகு 12 ஆகிவிட்டது. ஏன் கழித்தோம் என்பதும் சிறிய எழுத்தில் இருக்கிறது.

நாங்கள் எடுத்த அடிப்படைப் படங்கள் எல்லாவற்றையும், நல்லது கெட்டது பாராமல், ஒரு வன்தட்டில் போட்டு ஆய்வுகூடத்துக்குக் கொடுத்திருக்கிறோம். உயர்தர மாணவிகள் தாங்களே அடுக்கிப் பார்க்கலாம். சிரில் ஆய்வுகூடக் கணினிகளில் ஏற்றியாயிற்று. விக்ரோறியாவின் அந்தப் போலி வளைவு இருக்கிற இரவுகளும் உள்ளே இருக்கின்றன. எவை என்று எழுதிவைக்கவில்லை, பிள்ளைகள் கண்டுபிடிக்கட்டும்.

இன்னொரு அறிவித்தல். இன்றிரவு வலைப்பந்துத் திடலில் 80 மில்லிமீற்றர் தொலைகாட்டியைப் பூட்டிவைத்திருப்போம். ஒன்பது மணிக்குத் திடல் விளக்குகளை அணைக்க அதிபர் இசைந்திருக்கிறார். பூரம் உச்சிக்கு வரப் பத்து மணியாகும். நகரத்து வெளிச்சத்தில் இரண்டு கலக்சிகள் மங்கிய பஞ்சுபோலத் தெரிந்தால் அதிர்ஷ்டம். மூன்றாவது பெரும்பாலும் தெரியாது. வால் கண்ணுக்குத் தெரியவே தெரியாது, ஏமாறவேண்டாம். கைத்தொலைபேசி வெளிச்சத்தைத் தயவுசெய்து போடவேண்டாம், இருட்டுக்குக் கண் பழக இருபது நிமிடமாவது வேண்டும். நுளம்புக்கு ஏதாவது பூசிக்கொண்டு வாருங்கள். வன்னியிலிருந்து வந்த எங்கள் தோழி குழாயோடு அங்கே நிற்பார். கேள்விகளை அவரிடம் கேளுங்கள், எங்களைவிட அவருக்குத்தான் தெரியும்.